கோடையில் ஸயான் நேரோஸ் ஆற்றுநடை: குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

யூட்டா மாநிலத்து ஸயான் தேசியப் பூங்காவில் ஜூலை மாதப் பகல் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தொடும். அதே நாளில், பள்ளத்தாக்குச் சாலை முடிகிற இடத்துக்கு அப்பால், நாளின் பெரும்பகுதி நிழலிலேயே நடக்கலாம். வர்ஜின் ஆறு அங்கே ஆயிரம் அடி உயரப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. சில இடங்களில் சுவருக்குச் சுவர் இருபது, முப்பது அடிதான் அகலம். நேரோஸ் என்று சொல்லும் அந்த இடுக்கில் பாதை என்று தனியாக எதுவும் கிடையாது. ஆறுதான் பாதை, தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்த பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இதற்குத் திட்டம் போட்டபோது, பெர்மிட் வேண்டுமா, எந்த மாதம் ஆறு திறந்திருக்கும், பார்வையாளர் விசாவில் வந்தவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்தவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்த நடை உங்களுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நேரோஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு நடைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது.

முதலாவது ரிவர்சைட் வாக். ஷட்டில் பேருந்தின் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் தொடங்கும் தளம்போட்ட பாதை. போய்வர 2.2 மைல், ஒன்றரை மணி நேரம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நீர் கசியும் பாறைச் சுவர், அதில் தொங்கும் பன்னங்கள், தலைக்கு மேல் மரநிழல். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் இதுவே போதும். சக்கர நாற்காலியைக்கூட ஒருவர் உதவியோடு கொண்டு போகலாம். இதை நேரோஸுக்குப் போகும் வெறும் வழி என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். பெரியவர்கள் இங்கே நிழலில் உட்கார்ந்து காலை ஆற்றோரமாக ஆற அமரக் கழிக்கலாம், மற்றவர்கள் மேலே போய்விட்டு வரலாம்.

இரண்டாவது, அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நடப்பது. எவ்வளவு தூரம் என்பது உங்கள் விருப்பம். வேண்டிய இடத்தில் திரும்பிவிடலாம். பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று வரைக்கும்தான் அனுமதி. அதுவரை போய்வர 9.4 மைல், எட்டு மணி நேரம் பிடிக்கும். இதற்குப் பெர்மிட் தேவையில்லை, முன்பதிவும் தேவையில்லை. இந்தக் கட்டுரை இந்த நடையைப் பற்றியதுதான்.

மூன்றாவது, பூங்காவுக்கு வெளியே சேம்பர்லின்ஸ் ராஞ்ச் பக்கமிருந்து 16 மைல் கீழ்நோக்கி வருவது. ஒரே நாளில் முடித்தாலும் இரவு தங்கி வந்தாலும் பெர்மிட் கட்டாயம். முதல்முறை போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற மலைமுகட்டு ஏற்றத்துக்குக் குலுக்கல் முறையில் பெர்மிட் கொடுக்கிறார்கள். அந்தக் குலுக்கலில் பெயர் வரவில்லை என்று ஸயான் பயணத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றுநடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாத நினைவு நாள் (மெமோரியல் டே) விடுமுறையை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். மேலே பனி உருகுகிற காலம் அது. வரத்து வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸை மூடிவிடுவார்கள். பனி அதிகம் பெய்த ஆண்டுகளில் ஜூன் மாதத்திலும் மூடியே இருந்திருக்கிறது.

மேட்டூர் அணைக்கு ஆயிரக்கணக்கான கன அடி வருகிறது என்று செய்தியில் கேட்டுப் பழகிய நமக்கு 150 என்பது வாய்க்கால் கணக்காகத் தோன்றும். காவிரிக்கு இருக்கும் அகலத்தோடு இதை ஒப்பிடக் கூடாது. முப்பது அடி இடுக்கில், வழுக்கும் உருண்டைக் கற்களின் மேல், எதிர்நீச்சலாக நடக்கும்போது 100 கன அடியே ஆளைத் தள்ளும். 70க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடக்கலாம், நடுநடுவே இடுப்பளவுப் பள்ளங்கள் வரும். 70க்கு மேலே போனால் தொடையளவு ஆகும். அப்போது சின்னப் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை என் தேர்வு. வரத்து இறங்கியிருக்கும், மழைக்காலம் தொடங்கியிருக்காது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பாலைநிலத்தின் பருவமழைக் காலம், பிற்பகலில் இடியோடு கொட்டும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போவது நம் வழக்கம். இங்கே ஆடி பிறந்துவிட்டால் தினமும் எச்சரிக்கை பார்த்துத்தான் ஆற்றுப் பக்கம் போக வேண்டும். போகவே கூடாது என்றில்லை, அந்த மாதங்களிலும் நல்ல நாட்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்கி வராதீர்கள். இரண்டு காலைப்பொழுதாவது கையில் இருந்தால், ஒன்று சரியில்லாவிட்டால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம்.

3. கட்டணமும் அடையாள அட்டையும்

பூங்கா நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாட்களுக்குச் செல்லும். எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு பாஸ் 80 டாலர். ஆண்டுக்கு மூன்று பூங்காக்களுக்குப் போகிற குடும்பத்துக்கு அதுதான் லாபம்.

2026 ஜனவரி 1 முதல் ஒரு பெரிய மாற்றம். அந்த 80 டாலர் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான். வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் அமெரிக்க அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி ஆண்டு பாஸ், 250 டாலர். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர், 16 வயதும் அதற்கு மேலும் இருந்தால், வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இது 11 பூங்காக்களுக்குப் பொருந்தும். ஸயான் அதில் ஒன்று, பக்கத்திலிருக்கும் பிரைஸ் கேன்யனும், கிராண்ட் கேன்யனும் அதே பட்டியலில் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா இரண்டு பேர், ஸயான் மட்டும் என்றால் கூடுதல் 200 டாலர். ஸயானோடு பிரைஸும் சேர்த்தால் 400. அந்தப் பயணத்துக்கு 250 டாலர் பாஸ் வாங்குவதே புத்திசாலித்தனம். பயணத்திட்டத்தில் எத்தனை பூங்கா என்பதை முடிவு செய்யாமல் வாசலுக்குப் போய் நின்றால், பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்க, அவசரத்தில் தவறான சீட்டை வாங்க நேரிடும். பாஸை வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடலாம். பெரியவர்களின் பாஸ்போர்ட்டும் உங்கள் ஓட்டுநர் உரிமமும் வாசலில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.

4. தங்குமிடமும் வழியும்

பூங்கா வாசலை ஒட்டிய ஊர் ஸ்பிரிங்டேல். வசதி அதிகம், வாடகையும் அதிகம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் ஹரிகேன், அதற்கும் அப்பால் செயின்ட் ஜார்ஜ். இரண்டிலும் அறை வாடகை குறைவு. ஆனால் காலை ஏழு மணிக்குள் பூங்காவில் இருக்க வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத்தான் தெரியும். கூடாரம் போட விருப்பமென்றால் வாட்ச்மேன் முகாமிடம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும், கோடை நாட்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

பெரும்பாலோர் லாஸ் வேகஸில் இறங்கி கார் எடுத்து வருகிறோம். 160 மைல், இரண்டே முக்கால் மணி நேரம். கோடையில் யூட்டா நேரம் லாஸ் வேகஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஐந்துக்கு வேகஸில் கிளம்பி எட்டுக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால், ஸயானில் மணி ஒன்பதை நெருங்கியிருக்கும், கார் நிறுத்த இடம் இருக்காது. அதனால் முந்தின நாளே வந்து பக்கத்தில் தங்குங்கள். வேகஸில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. ஊறுகாய், அப்பளம் எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள், இந்தப் பக்கம் எளிதில் கிடைக்காது.

5. முந்தின இரவும் காலையும் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது.

ஒன்று, ஆற்றின் வரத்து. பூங்காவின் இணையதளத்தில் அன்றைய நிலவரப் பக்கத்தில் கிடைக்கும். 70 கன அடிக்குக் கீழே, 70க்கு மேலே, 150க்கு மேலே என்ற மூன்று நிலைகளை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டு, திடீர் வெள்ள வாய்ப்பு. தேசிய வானிலைச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் நான்கு படிகளில் ஒன்றை அறிவிக்கும்: எதிர்பார்க்கப்படவில்லை, நேரலாம், நேர வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது. முதல் படி என்றால் போகலாம். இரண்டாவது படி என்றால், வயதுவந்தவர்கள் மட்டும், அதிகாலையில் இறங்கி நண்பகலுக்குள் வெளியேறிவிடுங்கள். பிள்ளைகள் இருந்தால் அன்று ரிவர்சைட் வாக் போதும். மூன்றாவது, நான்காவது படிகளில் ஆற்றுப் பக்கம் தலைவைக்காதீர்கள். நேரோஸை மூடாமல் வைத்திருப்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால்தான் மூடுவார்கள், எச்சரிக்கை நீங்கி இரண்டு மணி நேரம் கழித்துத் திறப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே மூன்று மைல் உள்ளே இருந்தால், எச்சரிக்கை வந்தது உங்களுக்குத் தெரியவே வராது. கைபேசிக்கு உள்ளே சமிக்ஞை கிடைக்காது.

தலைக்கு மேலே தெரிகிற வானத்தை நம்பாதீர்கள். அது ஒரு கீற்றுதான். மழை பல மைல் தொலைவில் மொட்டைப் பாறைகளின் மேல் பெய்யும். உறிஞ்ச மண் இல்லாததால் அத்தனையும் இந்த இடுக்குக்குள் காட்டாறாக வந்து இறங்கும். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் ஒரே வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். 2022 ஆகஸ்டில் நேரோஸில் நடந்துகொண்டிருந்தவர்களை வெள்ளம் அடித்துச் சென்றது, ஒரு இளம்பெண் உயிர் போனது. வந்தது வந்தோம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று யாராவது இழுத்தால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

இதோடு, நச்சுப் பாசி நிலவரமும் அதே பக்கத்தில் இருக்கும். 2020 கோடையில் இந்த ஆற்றில் நச்சுள்ள சயனோபாக்டீரியா இருப்பது தெரியவந்தது. ஆற்றில் இருந்த ஒரு நாய்க்குட்டி இறந்துபோனது. அதிலிருந்து தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். நடப்பதற்குத் தடையில்லை. ஆனால் தலையை முக்கிக் குளிக்கக் கூடாது, ஆற்றுநீர் வாய்க்குள் போகக் கூடாது. வடிகட்டியில் வடித்துக் குடிக்கலாம் என்பதும் நடக்காது, அந்த நச்சைச் சாதாரண மலையேற்ற வடிகட்டிகள் நீக்கும் என்று நம்ப முடியாது.

6. உடுப்பும் பொருட்களும்

காலில் போடுவதுதான் முக்கியம். செருப்பு, குரோக்ஸ், விரல் தெரியும் சாண்டல் எதுவும் ஆகாது. கல்லுக்கு நடுவே கால் போய்ச் சிக்கிக்கொண்டால் விரல் முறியும். விரல் மூடிய, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். ஸ்பிரிங்டேல் கடைகளில் ஆற்று ஷூ, நியோபிரீன் காலுறை (ஈரத்திலும் குளிர் தாங்குவது), மரக்கோல் மூன்றையும் சேர்த்து ஒரு நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஆளுக்கு 30 டாலரை ஒட்டி வரும். நாலு பேருக்கு அது பூங்காக் கட்டணத்தையே தாண்டும் என்பதால் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் பழைய, நன்றாகப் பிடிப்புள்ள ஓட்ட ஷூ இருந்தால் கோடையில் அதுவே போதும். கோலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடி தெரியாத தண்ணீரில் அதுதான் மூன்றாவது கால். முந்தின நாள் மாலையே போய் எடுத்துவையுங்கள், காலையில் கடை வாசலில் வரிசை நிற்கும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். புடவையோடு அம்மா ஆற்றில் இறங்க ஆசைப்பட்டால், அன்பாகத் தடுத்துவிடுங்கள். முழங்கால் தண்ணீரிலேயே ஈரப்புடவை காலைச் சுற்றும், நீரோட்டம் இழுக்கும். சீக்கிரம் காயும் பேன்ட்டோ, பருத்தி அல்லாத சல்வாரோ சரி. வெளியே 38 டிகிரி என்றாலும் இடுக்குக்குள் ஈரத்தோடு நிழலில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு உதடு நடுங்கும். ஆளுக்கொரு மெல்லிய மேற்சட்டை, காய்ந்த மாற்றுடுப்பு எல்லாம் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் சாவியை மறந்துவிடாதீர்கள். பொத்தான் அழுத்தித் திறக்கும் சாவி தண்ணீரில் நனைந்தால் வண்டி கிளம்பாது. வாடகைக் கார் என்றால் மாற்றுச் சாவி வேகஸில் இருக்கும். சாவி, கைபேசி, பாஸ்போர்ட் மூன்றும் நீர்புகாப் பையில், பையின் மேற்பகுதியில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். முழுவதும் சுமந்துதான் போக வேண்டும். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சப்பாத்திச் சுருள் எல்லாம் சரியாக இருக்கும். தயிர்சாதத்தை அறையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

7. காலை நேரம்: ஷட்டில்

ஷட்டில் ஓடுகிற மாதங்களில் உங்கள் காரைப் பள்ளத்தாக்குச் சாலைக்குள் விடமாட்டார்கள். பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஷட்டிலில் ஏற வேண்டும். ஷட்டிலுக்குக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. மையத்து நிறுத்துமிடம் கோடையில் எட்டு மணிக்கெல்லாம் நிறைந்துவிடும். பிறகு ஸ்பிரிங்டேலில் காசு கொடுத்து நிறுத்தி, ஊர் ஷட்டிலில் பூங்கா வாசலுக்கு வர வேண்டும். அந்த ஷட்டிலும் இலவசம்.

மையத்திலிருந்து கடைசி நிறுத்தத்துக்கு முக்கால் மணி நேரம். ஏறுவதற்கு முன் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில், டெம்பிள் ஆஃப் சினவாவாவிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் மையம் வரை நடைதான்.

கடைசி நிறுத்தத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. எல்லோரும் போய்வந்தபின்தான் கிளம்ப வேண்டும், இதற்கப்புறம் எதுவும் கிடையாது. ஆற்றிலும் கரையிலும் அசுத்தம் செய்யக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழிவை எடுத்துவரும் பை ஒன்று கையில் இருக்கட்டும். அணில்கள் காலடிக்கே வரும். தீனி போட விடாதீர்கள், கடிக்கும்.

8. ஆற்றுக்குள்

மேல்நோக்கி நடக்கும்போது மணிக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மைலுக்குள் வலப்பக்கச் சுவரிலிருந்து வழுக்கி இறங்கும் மிஸ்டரி அருவி வரும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு அதுவரை போய்த் திரும்பினாலே நிறைவான காலைப்பொழுது. இரண்டு, இரண்டரை மணி நேரம் தொடர்ந்து நடந்தால் ஆர்டர்வில் ஓடை வந்து சேருமிடம். அதைத் தாண்டினால் வால் ஸ்ட்ரீட் என்ற மிகக் குறுகலான பகுதி. வெளிச்சம் மேலே எங்கோ சுவரில் பட்டு, செம்மஞ்சளாகச் சிதறி இறங்கும். முடிந்தவர்கள் அதுவரை கட்டாயம் போங்கள். பிக் ஸ்பிரிங் வரை போவதைவிட, வால் ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரம் சும்மா நிற்பது மேல் என்பது என் எண்ணம்.

நேர் கோட்டில் நடக்காதீர்கள். தண்ணீர் சலசலத்து நுரைக்கிற இடம் ஆழமில்லாதது, அசையாமல் பச்சையாக நிற்கிற இடம் ஆழமானது. கடக்கும்போது முகம் நீரோட்டத்தைப் பார்த்திருக்க, கோலை முன்னால் ஊன்றி, ஒரு கால் நிலைத்தபின் அடுத்த கால் எடுத்து வையுங்கள். பிள்ளையை மேல்நீர்ப் பக்கம் விடாமல், உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் கையைப் பிடித்து நடத்துங்கள். உங்கள் கால் நீரின் வேகத்தை உடைக்கும். கற்களிலிருந்து குதிப்பதை முதலிலேயே தடை செய்துவிடுங்கள், அங்கே கணுக்கால் முறிவுகள் அப்படித்தான் நேர்கின்றன. ரப்பர் டியூபில் மிதந்து வருவதற்குப் பூங்காவுக்குள் அனுமதியில்லை, நாய்க்கும் இல்லை.

திரும்பும் நேரத்தை இறங்கும் முன்பே குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். இறங்கி மூன்று மணி நேரம் ஆனதும், எங்கே இருந்தாலும், திரும்ப வேண்டும்.

9. தண்ணீர் மாறினால்

தெளிந்த நீர் திடீரென்று கலங்கலாவது, சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வருவது, வரத்து கூடுவது, மேலிருந்து உறுமல் கேட்பது, இடி. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே உயரமான இடத்துக்கு ஏறுங்கள். பையை எடுக்க, படம் எடுக்க நிற்காதீர்கள். சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். வெளியே ஓடித் தப்பிக்கலாம் என்று கீழ்நோக்கி ஓடாதீர்கள், வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். ஏறிய இடத்தில் தண்ணீர் வடியும்வரை இருங்கள். ஆறு மணி நேரமானாலும், இரவானாலும் சரி. மேற்சட்டையும் சாப்பாடும் கொண்டுபோகச் சொன்னது இதற்கும்தான். வழியில் எந்தெந்தத் திட்டில் ஏறி நிற்க முடியும் என்று போகும்போதே பார்த்துக்கொண்டே போங்கள். வால் ஸ்ட்ரீட்டில் அப்படி ஏறுமிடம் அநேகமாக இல்லை. வானம் சந்தேகமாக இருந்தால் அதற்குள் நுழையாமலே திரும்பிவிடுங்கள்.

10. வெளியே வந்தபின்

கடைசி நிறுத்தத்தின் குழாயில் எல்லோரும் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைகள் விரல் சூப்புவதற்கு முன் கழுவிவிடுங்கள். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை திரும்பும் ஷட்டிலுக்கு நீண்ட வரிசை வெயிலில் நிற்கும். நண்பகலுக்கே வெளியே வந்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. வாடகைப் பொருட்களைக் கடை மூடும் முன் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். உங்கள் சொந்த ஷூ என்றால் நல்ல தண்ணீரில் அலசி, உள்தளத்தை வெளியே எடுத்து வெயிலில் வையுங்கள். அந்த ஊர் வெயிலில் மாலைக்குள் காய்ந்துவிடும்.